சொன்னவர், கேட்டவர், படிப்பவர்

1860ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளை எண்ணுவதற்கென்று தனி ஏடு வைத்திருந்தார்கள். முதல் பத்தியில் உரிமையாளரின் பெயர். அடுத்தடுத்த பத்திகளில் எண்ணிக்கை, வயது, பால், நிறம். நிறத்துக்கு ஓர் எழுத்து போதும் என்று கருதினார்கள்: கறுப்பு என்றால் ஒன்று, கலப்பு என்றால் இன்னொன்று. தப்பியோடியவரா, விடுதலை செய்யப்பட்டவரா, கண் தெரியாதவரா, காது கேளாதவரா என்று குறிக்கவும் இடம் இருந்தது. அவர்கள் குடியிருந்த குடில்கள் எத்தனை என்று எழுத ஒரு பத்தி. அவர்களுடைய பெயருக்கு மட்டும் பத்தி கிடையாது. ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்கள் இந்த ஏட்டில் வயதாகவும் பாலாகவும் நிறமாகவும் நிற்கிறார்கள்.

அடுத்த கணக்கெடுப்பு 1870இல். இடையில் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்திருந்தது. 1865இல் அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. தென் மாநிலங்களில் பெரும்பாலான கறுப்பின மக்களின் பெயர் நாட்டுக் கணக்கெடுப்பில் முதன்முதலாக ஏறியது அப்போதுதான். முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பத்தார் இன்றும் 1870ஐ ஒரு சுவர் என்றே சொல்கிறார்கள். அதுவரை பெயரைப் பிடித்துக்கொண்டு போகலாம். அதற்கு அப்பால் பிடித்துக்கொள்ளப் பெயர் இல்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த ஏட்டின் ஒரு பக்கத்தை மாணவர்முன் வைத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று எழுதச் சொல்வதுண்டு. சின்ன வேலைபோலத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்தை ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்பதில் அவருடைய நேர்மை வெளிப்பட்டுவிடும். உயிரோடு இருப்பவரைப் பற்றி நாம் தவறாகப் பேசினால் அவர் வந்து மறுப்பார், சண்டை பிடிப்பார், குறைந்தது முகத்தைத் திருப்பிக்கொள்வார். இறந்தவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் சொன்னதை வளைக்கலாம், அவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்கலாம், கேட்பார் இல்லை. அப்படிக் கேட்பார் இல்லாத இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது ஒழுக்கத்தைச் சேர்ந்த விஷயம். வரலாற்றுத் துறைக்குள் மட்டும் வைத்துப் பேச வேண்டிய ஒன்றாக இதை என்னால் கருத முடியவில்லை.

1860 ஏட்டில், ஒரு மாவட்டத்தில், ஒரு நிலக்கிழாரின் பெயருக்குக் கீழே முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1870இல் அதே மாவட்டத்தில், அதே நிலக்கிழாரின் குடும்பப் பெயரோடு, நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் வருகிறாள். தேடுகிற மாணவருக்கு நெஞ்சு துள்ளும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதத் தோன்றும். பொறு என்று சொல்ல வேண்டிய இடம் இது. ஏட்டில் உள்ள வயதைச் சொன்னவர் பெரும்பாலும் உரிமையாளர். அதுவும் தோராயமாகத்தான் சொல்லியிருப்பார். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் கடைசி முதலாளியின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. பழைய முதலாளியின் பெயரை எடுத்தவர்கள் உண்டு, தந்தையின் பெயரை மீட்டவர்கள் உண்டு, தாமே ஒன்றைத் தேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே வேறு சான்று வேண்டும். முதலாளி எழுதிவைத்த உயில், அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், போருக்குப் பின் எழுதிய கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இத்தனை தேடியும் இரண்டு பெண்களும் ஒருத்திதான் என்று உறுதிப்படாமல் போகலாம். அப்போது உறுதிப்படவில்லை என்றே எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணுக்காக எழுதும் இருபது வயதுப் பிள்ளைக்கு இது எளிதான காரியமில்லை. பெரியவர்களுக்கும் எளிதில்லை.

அந்த வேறு சான்றுகளில் பெரும் பகுதி 1865 மார்ச்சில் தொடங்கிய ஓர் அரசு அலுவலகத்திலிருந்து வந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு உணவு, பள்ளிக்கூடம், கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, முறையீட்டு விசாரணை ஆகியவற்றைக் கவனிக்க ஏற்பட்ட அது, ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்று அழைக்கப்பட்டது. 1872இல் மூடப்பட்டது. அதன் தாள்களில் கூலி தராமல் ஏமாற்றிய முதலாளிகளும், அடித்துக் கொல்லப்பட்டவர்களும், பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்து முதன்முறையாகச் சட்டப்படி மணந்துகொண்ட வயோதிகத் தம்பதிகளும் இருக்கிறார்கள். அதே மார்ச்சில் ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி தொடங்கியது. கணக்கு வைப்பவரை அடையாளம் காண்பதற்காக அவர் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள், சில சமயம் பழைய முதலாளி, தோட்டம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நிர்வாகத்தில் இருந்தவர்களின் முறைகேட்டாலும் பொறுப்பின்மையாலும் வங்கி 1874இல் முறிந்தது. 60,000க்கு மேற்பட்ட ஏழைகள் பணத்தை இழந்தார்கள். பேரேடுகள் மட்டும் தப்பின. அந்த மக்களின் காசைக் காப்பாற்றத் தவறிய வங்கியின் ஏட்டில்தான் இன்று அவர்களின் பேரன் பேத்திகள் குடும்பத்தைத் தேடுகிறார்கள். இதைப் படிக்கிறவர் அந்தப் பட்டியலை வெறும் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியின் கதைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியவர் அவர்தான்.

1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு ஒரு திட்டம் நடத்தியது. அதன் ஒரு பகுதியாக, 1936 முதல் 1938 வரை, அடிமையாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிச்சென்று பேச்சைப் பதிவு செய்தார்கள். 2,300க்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. இன்று அவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. யாரும் இணையத்தில் படிக்கலாம். கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பலர் உள்ளூர்க்காரர்கள். சொன்னவர்களோ எழுபது, எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். வறுமையில் இருந்தவர்கள். வாக்குரிமையை நடைமுறையில் பறித்துவிட்டிருந்த, கும்பல் கொலைகள் ஓயாத தென் மாநிலங்களில் வாழ்ந்தவர்கள்.

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்தில் சூசன் ஹாம்லினைச் சந்திக்க ஜெசி பட்லர் என்ற வெள்ளைப் பெண் போனார். வந்தவர் அரசு உதவி வழங்கும் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று மூதாட்டி நினைத்தார். முன்பு அங்கிருந்து அவருக்கு உதவி வந்துகொண்டிருந்தது. பேச்சு பழைய எஜமானரைப் பற்றித் திரும்பியது. எஜமானர் நல்லவர், அவர் மனைவியின் குடும்பத்தாரும் நல்லவர்கள், எல்லோரும் அடிமைகளிடம் நன்றாகவே நடந்துகொண்டார்கள் என்று சொன்னார் சூசன். பட்லர் அதை எழுதிக்கொண்டு வந்தார்.

அதே மூதாட்டியிடம் அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவரும் பேசினார். அவருடைய பதிவில் பெயர் சூசன் ஹாமில்டன் என்று இருக்கிறது. இந்த முறை மூதாட்டி, மகனே என்று அழைத்துப் பேசுகிறார். தாயிடமிருந்து பிள்ளையையும் அண்ணனிடமிருந்து தங்கையையும் முன்னறிவிப்பில்லாமல் பிரித்து விற்றதைச் சொல்கிறார்; இரவும் பகலும் அந்த அலறல் கேட்கும் என்கிறார். துணி வெளுத்த கிளோரி என்ற பெண் எஜமானியை எதிர்த்ததற்காகச் சவுக்கடி பட்டதைச் சொல்கிறார். வெள்ளையர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளைத் துரத்தியதைப் பற்றியும் பேசுகிறார். எஜமானரின் நற்குணம் பற்றிய பேச்சு இந்தப் பதிவில் முன்னுக்கு வரவில்லை.

இரண்டு வாக்குமூலங்களையும் அடுத்தடுத்து வைத்து மாணவர்களைப் படிக்கச் சொல்வது அமெரிக்க வரலாற்று வகுப்புகளில் நன்கு அறியப்பட்ட பாடம். படித்தவுடன் பெரும்பாலோர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இரண்டாவது உண்மை, முதலாவது பொய். அந்த அவசரத்தை நான் புரிந்துகொள்கிறேன். இரண்டாவது பதிவே உண்மைக்கு நெருங்கியது என்றுதான் நானும் நம்புகிறேன். அடிமை முறை பற்றி வேறு பல ஆவணங்கள் சொல்வதோடு அது பொருந்துகிறது. ஆனாலும் முதலாவதைத் தூக்கிப் போட்டுவிட்டால் நாம் இழப்பது அதிகம். 1937இல், சார்ல்ஸ்டனில், நூறு வயதை ஒட்டிய ஏழைக் கறுப்பினப் பெண், வீடு தேடி வந்த வெள்ளைப் பெண்ணிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கணக்கிட வேண்டியிருந்தது. அடிமைத்தளை சட்டத்திலிருந்து நீங்கி எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கணக்கு அவருக்குத் தேவைப்பட்டது. முதல் வாக்குமூலம் 1850களைப் பற்றிய பலவீனமான சான்று; 1937ஐப் பற்றிய வலுவான சான்று. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. சூசன் பொய் சொன்னார் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? தன்னையும் தன் சாப்பாட்டையும் காத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது. அவர் எஜமானர் மற்ற எஜமானர்களோடு ஒப்பிட்டால் குறைவாக அடித்தவராகவும் இருந்திருக்கலாம். அதை அவர் மனமாரச் சொல்லியிருக்கவும் கூடும். லாட்சனும் தனக்கென்று கேள்விகளோடுதான் போயிருப்பார். இவை எல்லாவற்றையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு, எதையும் கைவிடாமல், அந்த மூதாட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

நம் வீட்டில்கூட, ஆதாயம் உள்ளவர்முன் பெரியவர்கள் ஒரு விதமாகவும், தனியே நம்மிடம் வேறு விதமாகவும் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அதனால் அவர்களைப் பொய்யர்கள் என்று நாம் தள்ளிவிடுவதில்லை. முன்பின் தெரியாதவர்களிடமும் அந்தப் பெருந்தன்மை நமக்கு இருக்க வேண்டும்.

மூல ஆவணத்தைப் படித்தால் உண்மை தானே வந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. அவர்கள் யுல்ரிக் பி. ஃபிலிப்ஸைப் பற்றி அறிய வேண்டும். அவருடைய அமெரிக்க நீக்ரோ அடிமைமுறை பற்றிய நூல் 1918இல் வந்தது. ஃபிலிப்ஸ் சோம்பேறி ஆராய்ச்சியாளர் அல்லர். தோட்டக் கணக்குகள், எஜமானர்களின் நாட்குறிப்புகள், கடிதங்கள், கங்காணிகளுக்கு எழுதிய உத்தரவுகள் என்று அந்நாளில் யாரும் திரட்டாத அளவுக்கு மூல ஆவணங்களைத் திரட்டினார். அத்தனையும் திரட்டிவிட்டு, தோட்டம் அடிமைகளை நாகரிகப்படுத்திய பள்ளிக்கூடம்போல இருந்தது என்ற முடிவுக்கு வந்தார். எழுதியவர்கள் எல்லோரும் எஜமானர்கள். அவர்களின் கணக்கில் பருத்தி மூட்டை சரியாக இருந்தது. மனம் பற்றிய பத்தி இருக்கவில்லை. அடிமையாக இருந்தவர்கள் சொன்னதைச் சான்றாக மதிக்க ஃபிலிப்ஸ் தயாராக இல்லை. ஒரு தலைமுறை மாணவர்கள் அவர் நூலைப் படித்து வளர்ந்தார்கள்.

அதற்கு எதிராக எழுந்த முயற்சிகளில் ஒன்று ஒரு வகுப்பறையிலிருந்தே வந்தது. லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கான சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் பி. கேட் என்ற ஆசிரியர் 1929இல் தம் மாணவர்களை அவரவர் ஊரில் உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளிடம் அனுப்பினார். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், எப்படித் தண்டித்தார்கள், குடும்பம் என்ன ஆனது என்று கேட்டு எழுதிவரச் சொன்னார். அரசாங்கத் திட்டம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக இது நடந்தது. ஏறத்தாழ அதே சமயம் டென்னசியில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஒஃபீலியா செட்டில் என்ற கறுப்பின ஆய்வாளர் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். கேட் தம் மாணவர்கள் கொண்டுவந்ததைத் தொகுத்து எழுதிய கட்டுரை 1935இல் நீக்ரோ வரலாற்று இதழில் வந்தது. அந்த இதழை 1916இல் தொடங்கியவர் கார்ட்டர் ஜி. வுட்சன். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளிகளுக்குச் செய்தித்தாளை உரக்க வாசித்துக் காட்டியதிலிருந்து தம் வரலாற்றுக் கல்வி தொடங்கியது என்று சொன்னவர். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1926இல் அவர் தொடங்கிய நீக்ரோ வரலாற்று வாரமே இன்று பிப்ரவரி முழுதும் கொண்டாடப்படும் கறுப்பின வரலாற்று மாதம்.

ஆவணம் காப்பகத்தில் இருந்தால் மட்டும் போதாது, படிக்கிறவரை உள்ளே விட வேண்டும். 1939இல் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் வட கரோலினா மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனார். அப்போது அவர் ஹார்வர்ட் ஆய்வு மாணவர். அடிமை முறை நிலவிய காலத்தில் அடிமைகளாக இல்லாத கறுப்பினத்தவர் அந்த மாநிலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அவர் ஆய்வு. கட்டடத்தைத் திட்டமிட்டபோது ஒரு கறுப்பினத்தவர் ஆராய்ச்சிக்கு வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று இயக்குநர் சொன்னார். சில நாள் பொறுக்கச் சொல்லி, ஒரு சிறிய தனி அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளைப் பணியாளர்களை அவருக்குத் தாள்கள் எடுத்துக் கொடுக்கச் சொல்ல முடியாது என்பதால் அடுக்கறையின் சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் தள்ளுவண்டியோடு உள்ளே போய், வேண்டியதைத் தாமே எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் வெள்ளை ஆராய்ச்சியாளர்கள் முறையிட்டார்கள்: அவருக்கு மட்டும் உள்ளே போக அனுமதி, எங்களுக்கு இல்லையா? சாவி திரும்பப் பெறப்பட்டது. 1945இல் லூசியானாவின் காப்பகத்தில் வேறு விதம். கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. ஆனால் போர் வெற்றியைக் கொண்டாட விடுமுறை விட்டிருக்கிறோம், யாரும் இல்லாத அந்த நாள்களில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார் அதன் தலைவர். ஃபிராங்க்ளின் போனார். அடிமைமுறையிலிருந்து விடுதலை வரையிலான வரலாற்றை அவர் எழுதிய நூல் 1947இல் வந்தது. இன்றும் பாடநூலாக இருக்கிறது. அவர் கோபப்படாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தோடு அடிக்குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த மன உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய டோரத்தி போர்ட்டர் எதிர்கொண்டது இன்னும் நுட்பமான கதவு. நூலகங்கள் பின்பற்றிய டூயி பகுப்பு முறையில் கறுப்பினத்தவரைப் பற்றிய நூல்களுக்கு நடைமுறையில் இரண்டு எண்கள்தான்: 325 குடியேற்றம், 326 அடிமைமுறை. கறுப்பினக் கவிஞர் எழுதிய கவிதைத் தொகுப்பும் அங்கேதான் போய் விழும். போர்ட்டர் அதற்கு உடன்படவில்லை. கவிதை கவிதையோடும், மருத்துவம் மருத்துவத்தோடும் நிற்கும்படி மாற்றி அடுக்கினார். அவர் அடுக்கிய அலமாரிகள் இல்லாமல் பிற்கால ஆய்வுகள் பல நடந்திருக்கவே முடியாது.

இப்படிக் காக்கப்பட்ட காகிதங்களில் நம்மவருக்கும் ஒரு தாள் இருக்கிறது. கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸின் கடிதத் தொகுப்பு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதில் 1946இல் அம்பேத்கர் அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தீண்டப்படாதோரின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டு, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தவர் தந்த மனுவின் படி கிடைக்குமா என்று கேட்கிறார். டூ பாய்ஸ் பரிவோடு பதில் எழுதினார். சுருக்கமான கடிதங்கள்தாம். ஒருவர் பட்டதை இன்னொருவர் ஆவணமாகக் கேட்டு வாங்கிப் படிக்க விரும்பினார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பகைவர் எழுதியதையும் பயன்படுத்தத் தெரிய வேண்டும். 1892இல் மெம்பிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய தாமஸ் மாஸும் அவருடைய இரு தோழர்களும் கும்பலால் கொல்லப்பட்டார்கள். மாஸின் நண்பர் ஐடா பி. வெல்ஸ் இப்படிப்பட்ட கொலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். எழுதியதற்காக அவருடைய பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டது. ஊர் திரும்பினால் கொல்வோம் என்று மிரட்டல் வந்தது. 1895இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் எண்ணிக்கைகளுக்கு வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் பட்டியலையே ஆதாரமாக எடுத்தார். கறுப்பினத்தவர் மிகைப்படுத்துகிறார்கள் என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி செய்தார். நண்பனை இழந்த துயரத்தில் இருந்தவர், எண்ணை ஒன்றுகூட ஏற்றிச் சொல்ல இடம் வைக்கவில்லை.

இந்த ஆவணங்களில் என்னால் வேகமாகக் கடந்துபோக முடியாதவை, போருக்குப் பின் கறுப்பினப் பத்திரிகைகளில் வந்த தேடல் விளம்பரங்கள். பிலடெல்பியாவின் கிறிஸ்டியன் ரெக்கார்டர் போன்ற தாள்களில் அவை வந்தன. நியூ ஆர்லியன்ஸில் வெளியான ஒரு மெதடிஸ்ட் வார இதழ், தொலைந்த உறவுகளுக்கென்றே 1879 முதல் ஒரு பகுதி நடத்தியது. சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். போதகர்கள் அதைப் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள், ஏனென்றால் தேடப்படுகிறவருக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம். எழுதியவர்கள் தாயைத் தேடினார்கள், முப்பது ஆண்டுகளுக்கு முன் விற்கப்பட்ட தம்பியைத் தேடினார்கள். என் தாய் இன்னாரிடம் இருந்தாள், அவர் அவளை இன்ன வியாபாரியிடம் விற்றார், அவன் இன்ன ஊருக்குக் கொண்டுபோனான் என்று வரிசையாகச் சொன்னார்கள். தாயைக் கண்டுபிடிக்க, தாயை விற்றவனின் பெயரை அச்சில் போட வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேறு முகவரி கிடையாது. இவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை வில்லனோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தேடியவர்களில் மிகச் சிலரே சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கிறது. மாணவர் ஒருவர் ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுதும் தேடி, இந்தப் பெண் தன் மகனைக் கண்டாளா என்று தெரியவில்லை என்று முடித்தால், அந்தக் கட்டுரைக்கு முழு மதிப்பெண் தரலாம். கண்டாள் என்று கற்பித்து ஆறுதல் தேடிக்கொள்வது அந்தத் தாய்க்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆவணம் படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. 1838இல் மேரிலாந்து இயேசு சபையார் தம் தோட்டங்களில் இருந்த அடிமைகளில் 272 பேரை லூசியானாத் தோட்டக்காரர்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்களின் வழிபாட்டுக்கு வகை செய்ய வேண்டும், வந்த பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ரோமிலிருந்த சபைத் தலைவர் நிபந்தனை விதித்திருந்தார். நிபந்தனைகள் காற்றில் போயின. பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போயிற்று. ஒப்பந்தமும், பெயர்ப் பட்டியலும், கப்பலின் ஆள் பட்டியலும் காப்பகத்தில் இருந்தன. ஒளித்துவைத்த ரகசியம் எதுவும் இல்லை. ஆய்வாளர் சிலர் அதைப் பற்றி எழுதியும் இருந்தார்கள். விற்பனையை நடத்திய பாதிரியாரின் பெயர் கட்டடத்தில் இருந்தது. மாணவர்கள் அதற்குள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பெயரை எடுக்கக் கோரி 2015இல் மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். பெயர் எடுக்கப்பட்டது. அந்த 272 பேருக்கு என்ன ஆயிற்று என்று ரிச்சர்ட் செலினி என்ற முன்னாள் மாணவர் கேட்டபோது, லூசியானாவின் சதுப்பு நிலக் காய்ச்சலில் எல்லோரும் இறந்துவிட்டார்கள், வாரிசு இல்லை என்று பதில் வந்தது. அவர் வரலாற்றாசிரியர் அல்லர். ஆனாலும் அத்தனை பேரும் சுவடில்லாமல் இறந்தார்கள் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. வம்சாவளி ஆய்வாளர்களை அமர்த்தித் தேடினார். ஞானஸ்நானப் பதிவு, விற்பனைப் பத்திரம், 1870 கணக்கெடுப்பு என்று ஒன்றோடொன்று இணைத்துப் போனதில் ஆயிரக்கணக்கான வழித்தோன்றல்கள் கிடைத்தார்கள். லூசியானாவில் மாரிங்குவின் என்ற சிற்றூரில் பல குடும்பங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்க்கொண்டு வாழ்ந்திருந்தன. எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்ற கதையை யாரும் தீய எண்ணத்தோடு கட்டியதாக நான் நினைக்கவில்லை. அது வசதியாக இருந்தது. அதனால் யாரும் சரிபார்க்கவில்லை.

2017இல் அந்தக் கட்டடத்துக்கு, விற்பனைப் பட்டியலில் முதலாவதாக வரும் 65 வயது ஐசக்கின் பெயரை வைத்தார்கள். வழித்தோன்றல்களிடம் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் மன்னிப்புக் கேட்டன. அவர்களில் சிலர் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். 2019 ஏப்ரலில் மாணவர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தினார்கள்: வழித்தோன்றல்களின் நலனுக்காக ஒவ்வொரு பருவமும் ஆளுக்கு 27 டாலர் 20 சென்ட் தர வேண்டுமா? மூன்றில் இரண்டு பங்கினர் தரலாம் என்றார்கள். எதிர்த்தவர்களுக்கும் காரணம் இருந்தது: விற்றது நிறுவனம், இன்று படிக்கிற பிள்ளைகள் ஏன் கட்ட வேண்டும்? நிர்வாகம் அந்தக் கட்டணத்தை விதிக்கவில்லை. நன்கொடை திரட்டி ஒரு நிதி அமைப்பதாகச் சொன்னது. வழித்தோன்றல்களிலேயே இதுவெல்லாம் போதுமா, யாரோடு பேசி முடிவெடுத்தீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன். வாக்களித்த மாணவர்கள் செய்ததும் நியாயம் என்று கருதுகிறேன். பட்டியலைப் படித்துவிட்டு, அதில் தங்களுக்கு என்ன பொறுப்பு என்று கேட்டு, கையிலிருந்து ஒரு தொகையை எண்ணி வைக்க முன்வந்தார்கள். தேடல் இன்னும் முடியவில்லை. விற்கப்பட்டவர்களில் சிலர் லூசியானாவுக்குப் போகவேயில்லை, மேரிலாந்திலேயே தங்கிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. சிலருடைய தடம் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பெயர்களுக்கு நேரே, கிடைக்கும்வரை, கிடைக்கவில்லை என்றே எழுதி வைத்திருக்க வேண்டும்.